கிணற்றுப் பங்கும் முகில் வாடகையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய தோட்டக் காணி உறுதிகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் ஒரு வாசகத்தைத் திரும்பத் திரும்பக் கண்டிருப்பர். இத்தனை பரப்புக் காணியும், அதற்குரிய கிணற்றில் இத்தனை பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் என்று அது நீண்டு செல்லும். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத மண் இது. மாரியில் பெய்த மழை சுண்ணாம்புக்கற் பாறையினூடே இறங்கித் தேங்கிக் கிடப்பதைத் தோண்டி எடுத்தே எமது முன்னோர் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தனர். பாறையைப் பிளந்து கிணறு வெட்டுவது தனியொரு கமக்காரனின் சக்திக்கு மீறிய செலவு. ஆகவே பலர் கூடி வெட்டினர். ஒருவர் வெட்டிய கிணறும் சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பல பங்காயிற்று. ஊறி வரும் நீரை அளந்து பங்கிட வழியில்லை. எனவே நேரத்தைப் பங்கிட்டனர். இன்று ஒருவர் இறைப்பு, நாளை மற்றவர் இறைப்பு என்று முறை வைத்துக்கொண்டனர்.

துலாவும் பட்டையும் மறைந்து, மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தபோது இன்னொரு வழக்கமும் கூடவே வந்தது. இயந்திரம் வாங்க வசதியற்றவன் வசதி உள்ளவனிடம் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுத்து இறைத்தான். பங்கும் வாடகையும் பார்வைக்கு ஒன்று போலவே தோன்றும். இரண்டிலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடத்தான் செய்கிறது. பயிரும் நனையத்தான் செய்கிறது. ஆனால் பங்கு என்பது உறுதியில் எழுதப்பட்ட உரிமை. வாடகையோ மற்றவன் மனமும் எமது மடிக்காசும் இடங்கொடுக்கும் வரை நீடிக்கும் அனுமதி.

இந்த வேறுபாட்டை நாம் இங்கு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. இன்று கொக்குவிலிலோ கோண்டாவிலிலோ ஓர் அறையில் மடிக்கணினியுடன் அமர்ந்து இணையச் செயலி ஒன்றைப் படைக்கும் இளைஞர், அச்செயலி நாள் முழுதும் இயங்குவதற்கான கணினியைத் தம்மிடம் வைத்திருப்பதில்லை. கடல் கடந்த ஊரொன்றில் உள்ள கணினியின் ஒரு பகுதியை அவர் வாடகைக்கு எடுக்கிறார். வேண்டிய வேளையில் வேண்டிய அளவு எடுக்கலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம், எடுத்த அளவுக்கு மட்டும் பணம். இதற்கு முகில் கணிமை என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ வானத்தில் மிதப்பது போன்ற மயக்கம் ஏற்படும். உண்மையில் அது மின்சாரத்தை விழுங்கி வெப்பத்தைக் கக்கும் இயந்திரங்கள் அடுக்கடுக்காக நிற்கும் மண்டபம். அதற்கு நிலம் உண்டு, சுவர் உண்டு, பூட்டு உண்டு, பூட்டுக்கு உரியவரும் உண்டு.

கணக்கிடும் இயந்திரத்தை வாடகைக்கு விடுவது இந்நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று. 1890 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் குடிசன மதிப்பீட்டுக்காக ஹெர்மன் ஹொலரித் துளையிட்ட அட்டைகளைக் கணக்கிடும் தம் இயந்திரங்களை அரசாங்கத்துக்கு வாடகைக்கே கொடுத்தார். அவரது கம்பனி வேறு கம்பனிகளுடன் இணைந்து, பின்னாளில் ஐ.பி.எம். என்ற பெரும் நிறுவனமாயிற்று. அந்நிறுவனம் பல பத்தாண்டுகள் தன் அட்டை இயந்திரங்களை விற்க மறுத்தது. வாடகைக்கு மட்டுமே விட்டது. விற்றால் ஒரு முறை இலாபம், வாடகைக்கு விட்டால் மாதந்தோறும் இலாபம் என்ற கணக்கு எந்த வீட்டுச் சொந்தக்காரருக்கும் தெரிந்ததே. ஏகபோகத்துக்கு எதிரான வழக்கொன்றின் முடிவில், 1956 இல், இயந்திரங்களை விலைக்கும் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றத்தின் இணக்கத் தீர்ப்பு அதனைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவிலோ, மேலைநாடுகளில் பழசாகிப்போன இயந்திரங்களைப் புதுக்கி அந்நிறுவனம் வாடகைக்கு விட்டு வந்தது. உள்நாட்டாருக்குப் பெரும்பங்கு கொடுக்க வேண்டும் என்று அந்நாட்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் வற்புறுத்தியபோது, உரிமையைப் பகிர்வதிலும் வெளியேறுவதே மேல் என்று கருதி 1978 இல் இந்தியாவை விட்டுச் சென்றது.

இதற்கிடையில் விஞ்ஞானிகள் வேறொரு திசையிற் சிந்தித்தனர். அக்காலக் கணினி ஒன்றின் விலை மில்லியன் கணக்கான டொலர். அதன் முன் அமர்ந்திருக்கும் மனிதன் யோசிக்கும் நேரமெல்லாம் அது சும்மா கிடந்தது. 1961 இல் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பாத்தோவும் அவர் துணைவரும் ஒரே கணினியின் நேரத்தைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறையைச் செய்து காட்டினர். எமது கிணற்று முறையேதான் அது. ஒரு பங்காளிக்கு ஒரு நாள் என்பதற்குப் பதிலாக, ஒருவருக்கு ஒரு செக்கனின் சிறு கூறு. சுற்று மிக விரைவாக வருவதால் கணினி முழுவதும் தமக்கே என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்வர். அதே ஆண்டில் ஜோன் மக்கார்த்தி என்ற கணினி விஞ்ஞானி, தொலைபேசி போலக் கணிமையும் ஒரு நாள் பொதுச் சேவையாக அமையக்கூடும் என்று உரை நிகழ்த்தினார். பொதுச் சேவை என்ற சொல் அன்று எமது நாட்டில் வேறு பொருள் தந்தது. 1958 இல் தனியார் பஸ் கம்பனிகளை அரசாங்கம் பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியிருந்தது. மக்கார்த்தியின் நாட்டில் தொலைபேசியே ஒரு தனியார் கம்பனியின் கையில் இருந்தது. சேவை எல்லோருக்கும் என்பதும், சேவையைத் தரும் கருவி எல்லோருக்கும் உரியது என்பதும் இரு வேறு கூற்றுகள்.

அறுபதுகளின் நடுவிலிருந்து அமெரிக்காவில் கணினி நேரத்தைத் தொலைபேசிக் கம்பி வழியாக விற்கும் கம்பனிகள் எழுந்தன. பின்னர் நுண்செயலி பிறந்து கணினியின் விலை சரிந்தது. 1981 இல் ஐ.பி.எம். நிறுவனமே தனிநபர் கணினியைக் கடைகளில் விற்கத் தொடங்கிற்று. வாடகைக் காலம் ஒழிந்தது, ஒவ்வொருவரும் தம் இயந்திரத்துக்குத் தாமே சொந்தக்காரர் ஆகிவிடுவர் என்று பலர் நம்பினர்.

அதே 1981 இல், மே 31 ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. உலகம் எழுத்தைத் தீயிலிருந்து காக்கும் புதிய கருவிகளைப் படைத்துக்கொண்டிருந்த காலத்தில் எமது எழுத்து எரிந்துகொண்டிருந்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அது பல ஆண்டுகள் வரவில்லை. ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் முன் மாணவர்கள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றி, தைனமோவில் வரும் மின்சாரத்தில் பெரியவர்கள் செய்தி கேட்டனர். வையவிரிவலை என்பது உலகுக்கு வந்த ஆண்டுகள் இவையே. 2002 இன் போர்நிறுத்தத்துடன் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் மீண்டும் சண்டை தொடங்க, வீதி மூடப்பட்டது. அரிசிக்கும் மாவுக்கும் கப்பலை எதிர்பார்த்திருந்தோம். அந்த ஓகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியிலேதான் அமேசன் கம்பனி கணினியை மணித்தியால வாடகைக்கு விடும் தன் சேவையை உலகுக்குத் திறந்தது. மணித்தியாலத்துக்கு 10 அமெரிக்கச் சதம். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் எடுக்கலாம் என்றார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஒரு மூலை அவர்கள் வரைபடத்தில் இருந்ததோ இல்லையோ.

ஒரு மணித்தியாலத்துக்குப் பத்துச் சதம் எப்படிக் கட்டுபடியாகிறது என்று கேட்கலாம். ஒரு பெரிய இயந்திரத்தை மென்பொருளின் துணையால் பல சிறு இயந்திரங்கள் போல நடிக்க வைப்பதே அதன் நுட்பம். ஒவ்வொரு வாடகைக்காரருக்கும் தனி இயந்திரம் ஒன்று தரப்பட்டது போலத் தோன்றும். அமேசன் இதற்காகத் தொடக்கத்திற் பயன்படுத்திய சென் என்ற மென்பொருள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன்மேல் இயங்கியது லினக்ஸ். 1991 இல் பின்லாந்து மாணவர் லினுஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பல நாடுகளின் நிரலாளர் கூடி வளர்த்தது. இரண்டும் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துடன் பொதுவில் விடப்பட்டவை. ஆகவே சட்டப்படி இதிற் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் பொதுவில் விளைந்ததைத் தன் மதிலுக்குள் இட்டு வாசலில் நின்று வாடகை வாங்குவது நிலவுடைமையாளர் நன்கறிந்த பழைய கலை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்று உலகின் முகில் வாடகையில் ஏறத்தாழ அறுபது வீதத்துக்கும் மேல் அமேசன், மைக்ரோசொப்ட், கூகிள் என்ற மூன்று கம்பனிகளுக்கே செல்கிறது.

இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளை எண்ணிப் பார்ப்போம். அன்று ஒரே மணித்தியாலத்தில் லட்சக்கணக்கானோர் ஒரே தளத்தின் கதவைத் தட்டுகின்றனர். மறுவாரம் அங்கு ஈ காக்கை இல்லை. அந்த ஒரு நாளுக்காகப் பத்து இயந்திரங்களை விலைக்கு வாங்கி ஆண்டு முழுதும் தூசிபிடிக்க விடுவது மூடத்தனம். அன்று மட்டும் பத்தை எடுத்து மறுநாள் ஒன்பதை விட்டுவிடலாம் என்பது உண்மையான முன்னேற்றம். முன்பு முதல் போடத் தந்தைவழிச் சொத்து வேண்டியிருந்த தொழிலில், இன்று ஒரு மடிக்கணினியும் கடனட்டையும் உள்ள பிள்ளை இறங்கிவிட முடிகிறது. போருக்குப் பின் யாழ்ப்பாணத்தில் எழுந்த சிறு மென்பொருள் நிறுவனங்கள் இந்த வாசல் வழியாகவே உலகச் சந்தைக்குள் நுழைந்தன. கடனட்டை எத்தனை வீடுகளில் உண்டு என்பது வேறு கேள்வி.

எமது அனுபவம் ஒன்றையும் இங்கே குறிக்கலாம். நாம் சில ஆசிரியர்கள் கூடி, வன்னியிலும் தீவகத்திலும் உள்ள வசதி குறைந்த பாடசாலை மாணவர்களுக்காகக் கடந்தகால வினாத்தாள்களையும் விடைக் குறிப்புகளையும் தொகுத்து இணையத்தளம் ஒன்றை நடத்தி வந்தோம். வெளிநாட்டுக் கம்பனியொன்றிடம் மாதம் 20 டொலருக்கு ஒரு சிறு வழங்கி. 2022 இன் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 4,000 ரூபா; ஆளுக்குச் சில நூறு ரூபாவாகச் சேர்த்துக் கட்டினோம். மார்ச் மாதம் ரூபா மிதக்க விடப்பட்டது. 200 ஐ ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐ எட்டியது. நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்த நாட்களும் உண்டு. இங்கே எமது வீடுகள் இருண்டிருந்தபோது எமது வழங்கி எங்கோ குளிரூட்டிய மண்டபத்தில் இடையறாது ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் வாடகை மட்டும் 7,200 ரூபாவாயிற்று. வழங்கியில் ஒரு துரும்பும் கூடவில்லை. மாணவர் தொகையும் கூடவில்லை. எமது சம்பளமும் கூடவில்லை.

அதனையும் கட்ட ஆயத்தமாகவே இருந்தோம். ஆனால் டொலர்த் தட்டுப்பாட்டினால் எம்முள் ஒருவரது கடனட்டைக் கொடுப்பனவு இரு முறை நிராகரிக்கப்பட்டது. மூன்றாம் அறிவித்தல் ஆங்கிலத்தில், மிகவும் பண்பான நடையில் வந்தது. பின்பு வழங்கி நிறுத்தப்பட்டது. சில நாட்களில் அழிக்கப்பட்டது. ஆறு ஆண்டு உழைப்பு. பேசுவதற்கு ஓர் ஆளும் இல்லை. எமது பழைய மாணவி ஒருவர் பல்கலைக்கழக விடுதிக்குப் போகுமுன் இணையம் இல்லாத இடத்திற் படிப்பதற்காக முழுத் தொகுப்பையும் தம் வன்றட்டிற் பிரதி செய்து வைத்திருந்தார். அந்தப் பிள்ளை கெட்டிக்காரி என்பதைத் தவிர எம்மைக் காத்தது வேறொன்றுமில்லை. அதற்காக எம்மை நாம் பாராட்டிக்கொள்ள இடமில்லை.

எமது சிறு தளத்துக்கு நேர்ந்தது பணத்தால். பெரியவர்களுக்கு வேறு காரணங்களாலும் நேர்ந்திருக்கிறது. 2010 டிசெம்பரில், அமெரிக்க இராசதந்திரத் தந்திகளை வெளியிட்ட விக்கிலீக்ஸ் அமேசனின் வழங்கிகளிலிருந்து வெளியேற்றப்பட்டது. வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளே காட்டப்பட்டன. இவ்விடத்தில் யாழ்ப்பாணத்து அச்சின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1820 இல் அமெரிக்க மிசன் ஜேம்ஸ் கரெற் என்ற அச்சுத் தொழிலாளரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. ஆளுநர் பொறுப்பிலிருந்த எட்வேர்ட் பார்ன்ஸ் அவர் தங்க அனுமதி மறுத்தார். கரெற் நாட்டை விட்டு நீங்கினார். மானிப்பாயில் அந்த மிசனின் அச்சகம் முறையாகத் தொழிற்பட 1834 வரை செல்ல வேண்டியிருந்தது. பின்னர் 1849 இல் ஆறுமுக நாவலர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். சாதி விடயத்தில் நாவலருடன் எமக்குள்ள மாறுபாடு தீரக்கூடியதன்று. ஆனால் எதிராளியின் கருத்தை மறுக்க விரும்புபவன் எதிராளியின் அச்சகத்தில் வாடகைக்கு நிற்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனித் தீ. 2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். கம்பனியின் ஐந்து மாடித் தரவு நிலையம் எரிந்தழிந்தது. மில்லியன் கணக்கான இணையத்தளங்கள் நின்றன. முகிலில் இருப்பது எங்கும் இருக்கிறது என்று நம்பி வேறு பிரதி வைத்திராத வாடிக்கையாளர் பலர் தம் ஆவணங்களை முற்றாக இழந்தனர். 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கலத்திலிருந்து தீ மூண்டு, அரச ஊழியர் தம் பணிக் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 தெராபைற் அளவிலான களஞ்சியம் அழிந்தது. அதற்கு வெளிப்பிரதி இருக்கவில்லை. யாழ்ப்பாண நூலகத்துக்கு வைத்த தீ வெறுப்பால் வைத்தது, இவை விபத்து. இரண்டையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஒரே ஓர் இடத்தில் வைத்த ஒரே ஒரு பிரதிக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

எரிந்த நூலகத்தின் நினைவோடு வளர்ந்த தலைமுறையினர் 2005 இல் நூலகம் என்ற பெயரிலேயே எண்ணிம நூலகத் திட்டத்தைத் தொடங்கினர். இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் என லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இன்று அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. எத்தனையோ நாடுகளில் உள்ள தமிழர் தரும் சிறு நன்கொடைகளே அதன் முதுகெலும்பு. இத்தகைய நூலகமும் ஏதோ ஒரு வழங்கியில்தான் வாழ்ந்தாக வேண்டும். கட்டடத்துக்கு வைத்த தீயிலிருந்து தப்பிய எழுத்து, கட்டணத்தின் கையிற் சிக்கிக்கொள்ளக் கூடாது என்ற கவலை எமக்கு வருவது இயல்பே.

அப்படியானால் அரசாங்கமே முகிலை உடைமையாக்கட்டும் என்று எம் நண்பர்களிற் சிலர் உடனே சொல்வர். நாமும் ஒரு காலத்தில் அப்படியே சொன்னோம். இலங்கை அரசாங்க முகில் என்ற ஒன்று உண்டு. அது தனியார் உடைமையன்று. 2023 ஓகஸ்டில் அது கப்பம் கோரும் தீங்குநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. காலாவதியான மென்பொருளைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கப்படவில்லை. அந்த மூன்றரை மாதத்துக்குத் தனித்து வைத்த பிரதியும் இல்லை. பலகையில் அரசாங்கத்தின் பெயர் எழுதியிருப்பதனால் மட்டும் கிணறு தூர்வாரப்படுவதில்லை.

கிணற்றுப் பங்கு என்றதும் அதனைப் பொற்காலமாக எண்ணிவிடவும் கூடாது. உறுதியிற் பங்கு எழுதப்பட்டது காணி உள்ளவனுக்கு. தோட்டத்தில் முதுகு முறிய உழைத்த ஒடுக்கப்பட்ட மக்கள் அதே கிணற்றில் வாளி வைக்க முடியாது. யாரேனும் மேற்சாதியார் வந்து வார்க்கும் வரை குடத்துடன் காத்து நின்றனர். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் வந்த பின்னரும் கிணற்றுக்காகவும் கோயிலுக்காகவும் தேநீர்க் கடைக்காகவும் இரத்தம் சிந்த வேண்டியிருந்தது. கூட்டுடைமை என்று சொல்லும்போது கூட்டில் யார் யார் என்று கேட்காமல் விட்டதன் விலை அது.

எனினும் இம்மண்ணில் அதனிலும் விரிந்த கூட்டும் இருந்திருக்கிறது. யாழ்ப்பாண நகரின் வீரசிங்கம் மண்டபத்தில் எத்தனையோ கூட்டங்களுக்குச் சென்ற இளைஞர்களுள், அது கூட்டுறவு இயக்க முன்னோடி வீரசிங்கத்தின் பெயர் தாங்கியது என்பதை அறிந்தவர் சிலரே. கடன் கொடுக்கவும் சரக்கு வாங்கவும் மூளாயில் வைத்தியசாலை நடத்தவும் கூட்டுறவு முறை போதுமாயிருந்த குடாநாட்டில், வழங்கி ஒன்றைப் பொதுவில் நடத்த அது ஏன் போதாது என்று எமது கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மண்டபம் நிறைந்த இயந்திரங்களை நாம் கட்டியெழுப்பப் போவதில்லை. மூன்று பெருங் கம்பனிகளுடன் போட்டியிடப் போவதுமில்லை. பெறுபேறு வெளியாகும் நாளின் நெரிசலுக்கு வாடகை இயந்திரமே தகும். நெரிசல் இல்லாத நாட்களின் மூலப் பிரதி எவரிடம் இருக்கிறது என்பதே வாதமாயிற்று. வாதம் இரண்டு மாலைகள் நீடித்தது. மின்வெட்டைச் சொல்லி மறுத்தவரும், மின்கலத்தைச் சொல்லி ஏற்றவரும், பொறுப்பேற்கப் போவது யார் என்று கேட்டுவிட்டு மௌனமாக இருந்தவரும் உண்டு.

இப்போது தளம் மீண்டும் இயங்குகிறது. வெளிநாட்டு வாடகை வழங்கி ஒன்று. சாவகச்சேரியில் ஓர் ஆசிரியர் வீட்டில் மின்கலத்துடன் ஒரு பழைய கணினி. மட்டக்களப்பிலும் ரொறொன்ரோவிலும் தலா ஒரு வன்றட்டு. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கணக்குக் கொப்பியின் முதற்பக்கத்திற் பங்காளர் பெயர்களும் அவரவர் முறையும் எழுதப்பட்டுள்ளன. வன்றட்டைத் தந்த பழைய மாணவியின் பெயர் அதில் முதலாவது. இம்மாதம் வாடகை கட்டும் முறை பருத்தித்துறையில் உள்ள எமது கணித ஆசிரியருடையது; அவர் இன்னும் கட்டவில்லை.